நதீரும் காந்தியும்

வெளிநாட்டு மேடையில் பாடிப் பேர் வாங்கியவர் யார் என்று மதுரையில் யாரைக் கேட்டாலும் எம்.எஸ். அம்மா என்றுதான் சொல்வார்கள். 1966இல் அவர் ஐ.நா. சபையில் பாடியது நமக்கெல்லாம் இன்றும் பெருமை. அவர் நம் சங்கீதத்தை அங்கே கொண்டுபோனார். நான் சொல்லப்போகிறவரோ அவர்களுடைய சங்கீதத்தை அவர்கள் மேடையிலேயே பாடுகிறவர். பெயர் ஷான் பணிக்கர். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் பிறந்தவர்; குடும்பத்தின் பூர்வீகம் இலங்கை. ஓபராவில் டெனர், அதாவது ஆண் குரலில் மேல் ஸ்தாயி பாடுகிறவர்.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் என் படிப்பு. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு, பிழைப்புக்கு மதுரை வந்து, காலம் பூராவும் கோப்புகளுக்கு நடுவே எழுத்தராக இருந்தவன் நான். வகுப்பில் ஒரு வாத்தியார் கிராமபோனில் பிசேயின் 'முத்துக் குளிப்போர்' ஓபராவிலிருந்து இரண்டு ஆண்கள் சேர்ந்து பாடும் பாட்டைப் போடுவார். 1863இல் பாரிசில் அரங்கேறியபோது பிசேக்கு வயது 24. கதை நடப்பது இலங்கைக் கடற்கரையில். பாத்திரங்களின் பெயரோ நதீர், சுர்கா, லெய்லா, நூராபாத்! மன்னாரிலும் தூத்துக்குடியிலும் தலைமுறை தலைமுறையாக முத்துக் குளித்தவர்களில் யாருக்காவது இப்படிப் பெயர் உண்டா? முதலில் மெக்சிகோவில் நடப்பதாக இருந்த கதையைத்தான் பிறகு இலங்கைக்கு மாற்றினார்களாம். அவர்களுக்குத் தூரத்தில் ஒரு கடற்கரை இருந்தால் போதும். பாட்டு என்னவோ தேன்தான், அதை மறுக்க முடியாது.

அந்த நதீர் வேடத்தைப் பணிக்கர் அமெரிக்க மேடைகளில் பாடியிருக்கிறார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அந்தத் தீவின் வழிவந்த ஒருவர் அந்தக் கற்பனை இலங்கைக்காரனாக நிற்கிறார். சிரிப்பதா, சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

முகத்தைப் பார்த்துத்தான் வேடம் கொடுத்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2008இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் மேடையில் புச்சினியின் ஓபராவில் பாடினார். 2013இல் மூவர் குழுவாக ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் இறுதிச் சுற்று வரை போனார் (இந்தப் போட்டிகள் எனக்குப் பிடிக்காது, விடுங்கள்). 2018 கோடையில் சால்ஸ்பர்க் விழாவில் கிரேக்கக் கடவுள் டயோனிசஸ் வேடம். அதே வருஷம் அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் ஓபராவில் காந்தி!

பிலிப் கிளாஸ் இசையமைத்த 'சத்தியாக்கிரகா' 1980இல் ஹாலந்தில் அரங்கேறியது. மூன்று அங்கங்களுக்கும் டால்ஸ்டாய், தாகூர், கிங் என்று பெயர். காந்தியின் தென்னாப்பிரிக்கக் காலம்தான் கதை. ஆனால் பாடுவது முழுக்க சம்ஸ்கிருதம், பகவத் கீதை சுலோகங்கள். கடைசி அங்கம் 1913 நியூகாசில் நடைப்பயணம். அந்தப் போராட்டத்தில் நடந்தவர்களிலும் சிறை போனவர்களிலும் தமிழர்கள் ஏராளம். சிறையில் நோயுற்று, வெளியே வந்ததும் 16 வயதில் இறந்துபோன வள்ளியம்மையின் பூர்வீகமான தில்லையாடி, எங்கள் காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடி பக்கம்தான். சின்ன வயதில் அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன்.

அந்தக் கதை முடிந்து ஏழெட்டு வருஷம் கழித்துத்தான், 1921 செப்டம்பர் 22 அன்று, நம் மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி அரையாடையோடு வெளியே வந்தார். தமுக்கம் பக்கத்து அருங்காட்சியகத்தில் அவருடைய ரத்தக்கறை படிந்த துணியைப் பார்த்தவர்களுக்கு, மேடைக் காந்தியை ஏற்றுக்கொள்வது அவ்வளவு சுலபமில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது, கடைசிப் பாட்டைக் கேட்கும் வரை.

கீதையின் நாலாவது அத்தியாயத்துச் சுலோகங்கள் அவை. மெட்டு என்று பார்த்தால் வெறும் ஆரோகணம். ஸட்ஜத்தில் தொடங்கி மேல் ஸட்ஜம் வரை ஏறுகிறது, மறுபடி கீழிருந்து ஏறுகிறது. இப்படி முப்பது தடவை. ஸ்வரங்களைப் பாருங்கள்: நம் தோடி! மேற்கத்தியர் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கமகம் ஒரு துளி கிடையாது. ராஜரத்தினம் பிள்ளையின் நாயனத்தில் தோடி கேட்ட காதுக்கு முதலில் மொட்டையாகத்தான் இருக்கும். பத்தாவது தடவை ஏறும்போது அந்த மொட்டைத்தனமே பழகிவிடுகிறது. இருபதுக்கு மேல், பாடுகிறவருக்கு எந்த ஊர் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

யூடியூபில் தேடினால் கிடைக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்து, டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.