இரைச்சலுக்கு ஒரு பெட்டி

லூயிஜி ருஸ்ஸோலோன்னு ஒரு இத்தாலிய ஓவியர். மெஷின் சத்தம் நிறைஞ்ச காலத்துக்குப் பழைய வாத்தியங்கள் மட்டும் போதாதுன்னு 1913-ல் ஓர் அறிக்கையே எழுதினார். எழுதினதோட நிக்கலை, கருவியும் செஞ்சார். மரப்பெட்டி, முன்னாடி பெரிய புனல், உள்ளே கம்பி. கைப்பிடியைச் சுத்தினா சக்கரம் கம்பியில் உரசும். நெம்புகோலைத் தள்ளினா சுருதி ஏறும், இறங்கும். 1914 ஏப்ரலில் மிலான் கச்சேரியில் ஒரே அடிதடி!

அந்தப் பெட்டிகளில் ஒண்ணுகூட இப்ப இல்லை. 2009-ல் 16 பெட்டிகளைப் புதுசா செஞ்சு வாசிச்சாங்க. ஆனா அசல் சத்தத்துக்குச் சாட்சி, அவர் அண்ணன் அந்தோனியோவோட 1920-களின் இசைத்தட்டுதான். அதுலயும் வழக்கமான வாத்தியங்களுக்குப் பின்னாடி ஓர் உறுமல், அவ்வளவே. அந்த உறுமலுக்காகவே திரும்பத் திரும்பக் கேக்கறேன். இனிமைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்பல்லாம் தெருவில் ஜெனரேட்டர் ஓடினா எரிச்சல் வரலை, சுருதி தேடறேன். உங்க தெரு என்ன சுருதிங்க? :)