சீனத்து மழலையர் பள்ளியில் – 6: மணிக்கட்டில் ஐந்து நிறக் கயிறு

சென்ற இதழில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் மதியத் தூக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை திருவிழா. சீனச் சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதத்து ஐந்தாம் நாள் துவான்வு. 2024-இல் அது ஜூன் 10, திங்கட்கிழமை. அன்று அரசு விடுமுறை என்பதால் முந்தைய வெள்ளிக்கிழமையே பிள்ளைகளோடு கொண்டாடிவிட்டோம்.

வெளிநாட்டில் இதை டிராகன் படகுத் திருவிழா என்றுதான் அறிவார்கள். ஹாங்சோ நகரில் நாலைந்து வயதுக் குழந்தைகளுக்கு யோகா சொல்லித்தரும் எனக்கு, படகு இதில் ஒரு பகுதியாக மட்டுமே படுகிறது. துவான்வு குழந்தைகளைக் காப்பதற்கென்று பெரியவர்கள் ஏற்படுத்தி வைத்த பண்டிகை.

காரணம் பருவநிலைதான். யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஜூன் நடுவில் ‘பிளம் மழை’ பிடித்துக்கொள்ளும். வாரக்கணக்கில் விடாத தூறல், மேலே புழுக்கம். துணி காயாது, சுவரில் பூசணம் படரும், பூச்சிகள் வீட்டுக்குள் வரும். அந்தக் காலத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பரவி முதலில் சின்னப் பிள்ளைகளைத்தான் தாக்கியிருக்கும். அதனால் ஐந்தாம் மாதத்தையே நஞ்சு மாதம் என்றார்கள். பாம்பு, தேள், பூரான், தேரை, பல்லி ஐந்தையும் ‘ஐந்து விஷங்கள்’ என்று பட்டியலிட்டார்கள்.

அன்றைய வகுப்பை இந்த ஐந்தை வைத்தே அமைத்தேன். பாம்புக்குப் புஜங்காசனம், தேரைக்கு மண்டூகாசனம். இரண்டும் பிள்ளைகளுக்குப் பழக்கமானவை. பல்லிக்குத் தரையோடு ஒட்டி ஊர்ந்தார்கள். விருச்சிகாசனம் இந்த வயதுக்கு ஆகாது என்பதால் கைகளை ஊன்றி ஒரு காலைப் பின்னால் தூக்கினார்கள், அதுதான் கொடுக்கு. பூரானுக்கு ஆசனம் கிடையாது. ‘பூரான் எப்படிப் போகும்?’ என்று அவர்களிடமே கேட்டேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்துபோய்ப் பக்கத்துப் பையனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மற்றவர்களும் வந்து கோத்துக்கொள்ள, வகுப்பே ஒரு நீளப் பூரானாகக் கூடத்தைச் சுற்றி வந்தது. ஒரு கால் பிசகினால் வரிசை முழுக்கத் தடுமாறும். சேர்ந்து அடியெடுப்பது, முன்னால் இருப்பவரைக் கவனிப்பது இதையெல்லாம் இந்த வயதில் வாயால் விளக்க முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு எதுவும் உடம்பு வழியாகத்தான் மனதில் ஏறும் என்பது என் உறுதியான எண்ணம்.

நடுவில் ஒரு பையன் மறுப்புச் சொன்னான். ‘லாவ்ஷி (டீச்சர்), வெள்ளைப் பாம்பு நல்லவள்!’

அவன் சொன்னது ஹாங்சோவின் சொந்தக் கதை. மனித உருவெடுத்த வெள்ளைப் பாம்பு ஒரு மருந்துக் கடைக்காரனை மணக்கிறாள். துவான்வு அன்று அவன் கொடுத்த மதுவைக் குடித்ததும் அவளுடைய பாம்புருவம் வெளிப்பட்டுவிடுகிறது. பின்னர் ஒரு துறவி அவளை மேற்கு ஏரிக்கரையின் லெய்ஃபெங் கோபுரத்தடியில் சிறைவைக்கிறார். அந்தக் கோபுரம் 1924-இல் இடிந்து விழுந்தபோது எழுத்தாளர் லூ ஷுன் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். சிறுவயதில் பாட்டி சொல்லக் கேட்ட கதை என்று அதில் குறிப்பிடுகிறார். இன்று நாம் பார்க்கும் கோபுரம் 2002-இல் கட்டி முடித்தது. கதை மட்டும் இன்றும் பாட்டிகளின் வாய்வழியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. பாம்பு விஷம், ஆனால் வெள்ளைப் பாம்பு நல்லவள்: இரண்டையும் அந்தப் பையனால் சேர்த்து வைத்துக்கொள்ள முடிகிறது. நான் அவனை மறுக்கவில்லை.

அந்த மதுவில் கலப்பது நம் சித்த மருத்துவர்கள் மனோசிலை என்று சொல்லும் ஆர்சனிக் கனிமம். அதைத் தொட்டுக் குழந்தைகளின் நெற்றியில் ‘அரசன்’ என்ற சீன எழுத்தை, புலியின் நெற்றிக்கோடு போல எழுதுவது வழக்கமாக இருந்தது. நஞ்சு என்பதால் எங்கள் பள்ளியில் அதற்குப் பதில் சிவப்புச் சாயம்தான். அதுவே சரி.

பத்து மணிக்குப் பாட்டிகள் வந்தார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அழைத்துப்போவதும் பெரும்பாலும் தாத்தா பாட்டிதான். முந்தின இரவே ஊறவைத்த ஒட்டரிசியும் அகலமான மூங்கில் இலைகளும் மேசையில் காத்திருந்தன. இரண்டு இலைகளை அடுக்கிக் கூம்பாகச் சுருட்டி, அரிசி போட்டு, நடுவில் சீன இலந்தையோ சிவப்புப் பயற்று விழுதோ வைத்து, மேலும் அரிசியிட்டு மடக்கி, நூலால் இறுகக் கட்ட வேண்டும். இதுதான் சோங்சி. பக்கத்து ஊரான ஜியாஷிங்கின் பன்றி இறைச்சிச் சோங்சி நாடு முழுக்கப் பெயர் பெற்றது. நான் சைவம், எனக்கு இலந்தை. அரிசி தரையெல்லாம் சிதறியது. எந்தப் பாட்டியும் பிள்ளையின் கையிலிருந்து இலையைப் பிடுங்கவில்லை. ஒருவர் பேத்தியின் கைமேல் கைவைத்து, ‘இறுக்கு, இன்னும் இறுக்கு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டு தளர்ந்தால் கொதிக்கும்போது அரிசி வெளியே வந்துவிடும்.

பானை கொதித்த நேரத்தில் கயிறு கட்டும் வேலை. நீலம், சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிற நூல்களை முறுக்கிப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டுவார்கள். துவான்வுக்குப் பின் வரும் முதல் மழையில் அதை அவிழ்த்து நீரில் விட்டால் நோயும் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. பேத்திக்குக் கட்டி முடித்த பாட்டி என்னைக் கூப்பிட்டார். ‘டீச்சர், நீயும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே, கையை நீட்டும்மா.’ நீட்டினேன்.

வகுப்பறைக் கதவில் இரண்டு செடிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒன்று மரிக்கொழுந்தின் இனம். மற்றது வாள்போல் நீண்ட இலை. கசக்கி முகர்ந்தேன், வசம்பு! நம் ஊரில் கைக்குழந்தைக்கு வளையலாகக் கோத்துக் கட்டுகிற, இரவில் ‘பேர் சொல்லா மருந்து’ என்கிற அதே வசம்பு. நாம் வேரை எடுத்துக்கொள்கிறோம். அவர்கள் இலையைக் காவல் வாளாகப் பாவித்து வாசலில் தொங்கவிடுகிறார்கள். ஒருவரையொருவர் அறியாத தாய்மார் ஒரே பயத்துக்கு ஒரே செடியைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். இந்த நாட்டில் இவ்வளவு நெருக்கத்தை நான் வேறு எங்கும் உணர்ந்ததில்லை.

ஆற்றில் மூழ்கி உயிர்விட்ட கவிஞர் ச்சூ யுவானின் நினைவாகத்தான் துவான்வு என்று பாடநூல்கள் சொல்லும். சுசோவில் கேட்டால் அமைச்சர் வூ சிஷு என்பார்கள். ஷாவ்ஷிங் பக்கம், நீரில் போன தந்தையைத் தேடி ஆற்றில் இறங்கிய சிறுமி சாவ் ஏ என்பார்கள். 2009-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் துவான்வு இடம்பெற்றது. எந்தக் கதையைச் சொல்லும் ஊரானாலும் பிள்ளையின் கையில் கயிறு உண்டு.

திங்கட்கிழமை நகரின் மேற்கே ஷீஷீ சதுப்புநிலத்துக்கு டிராகன் படகு பார்க்கப் போனேன். அங்கே யார் முந்தினார் என்ற கணக்கில்லை. குறுகலான நீரில் படகைச் சுழற்றித் திருப்பும் திறமையைத்தான் கரையில் நிற்பவர்கள் கைதட்டிப் பாராட்டுகிறார்கள்.

துவான்வு சமயத்தில் ஹாங்சோ வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். படகைப் பார்க்கும் முன், விடியற்காலையில் ஏதாவது ஒரு காய்கறிச் சந்தைக்குப் போய் வாருங்கள். மூங்கில் இலையும் வசம்பும் கட்டுக் கட்டாகக் குவிந்திருக்கும். பண்டிகை அங்கிருந்துதான் வீடுகளுக்குப் போகிறது.

(தொடரும்)