ஒரு கப் மாவு

ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

அமெரிக்காவின் கிங் ஆர்தர் மாவு நிறுவனத்தின் அட்டவணையில் 120. கரண்டியால் மெல்ல அள்ளிக் கப்பில் போட்டு, கத்தியால் தலை தட்டினால் கிடைக்கும் எடை அது.

கப்பையே டப்பாவுக்குள் விட்டு வாரினால் 140. சில கைகளுக்கு 150.

கப்பும் அதேதான், மாவும் அதேதான். நடுவில் இருந்த காற்றுதான் குறைந்திருக்கிறது.

ஒரு ரொட்டிக் கணக்கு. 3 கப் மாவு, 1 கப் தண்ணீர், அதாவது 240 மில்லி. கப்புக்கு 120 என்றால் மாவு 360 கிராம். தண்ணீர் மாவின் எடையில் 67 சதவீதம். கப்புக்கு 145 என்றால் மாவு 435; தண்ணீர் 55 சதவீதம்.

முதல் மாவு கையில் ஒட்டும். இரண்டாவதைப் பிசைந்தால் மணிக்கட்டு வலிக்கும். செய்முறை ஒன்றே.

பேக்கரிக்காரர்களின் கணக்கில் மாவு எப்போதும் 100. தண்ணீர் 65, உப்பு 2 என்று மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். எல்லாமே எடை. ஐந்து கிலோவோ ஐம்பது கிலோவோ, விகிதம் அசையாது.

இனி கப்பின் பக்கம். ஃபேனி ஃபார்மர். பாஸ்டன் சமையல் பள்ளி. 1896-இல் வந்த புத்தகம். அதற்கு முந்தைய செய்முறைகளில் ‘முட்டை அளவு வெண்ணெய்’ என்றெல்லாம் இருக்கும். கப்பையும் ஸ்பூனையும் தலை தட்டி அளக்கவேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவர் இவர்.

மாவை அளக்கும் முன் சலிக்கவும் சொன்னார். டப்பாவில் நின்ற மாவு இறுகிவிடும்.

சலித்து அளப்பது வேறு. அளந்து சலிப்பது வேறு. செய்முறையில் எது முதலில் என்று இரண்டு முறை படிக்கவேண்டும்.

பிரவுன் சுகரை அழுத்தி அளக்கவேண்டும். மாவை அழுத்தவே கூடாது. அதே கப்தான்.

அமெரிக்கக் கப் 240 மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆஸ்திரேலியக் கப் 250. ஜப்பானியக் கப் 200. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி, அமெரிக்காவில் 15.

எந்த ஊர்க்காரர் எழுதிய கேக் என்று முதலில் பார்.

தண்ணீர், பாலுக்குக் கப் போதும். அமுங்காது.

அரிசியும் அப்படித்தான். இட்லிக்கு 4 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து. ஆழாக்கோ டம்ளரோ, இரண்டையும் ஒன்றாலேயே அளந்தால் சரி. பாட்டிமார் அப்படித்தான் அளந்தார்கள், இட்லி பூப்போல வந்தது. மணி அமுங்குவதில்லை.

கப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

தராசு. பாத்திரத்தை வை, பூஜ்யமாக்கு, மாவு. மறுபடி பூஜ்யம், சர்க்கரை. மறுபடி பூஜ்யம், வெண்ணெய். கழுவ ஒரே பாத்திரம். எடைக்கு மாறச் சொல்பவர்கள் இதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

ஈஸ்ட் 3 கிராம் என்றால் வீட்டுத் தராசு தடுமாறும். சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் எண் நகராது. அங்கே டீஸ்பூன்தான்.

உப்பு மட்டும் அங்கேயும் ஏமாற்றும். பொடியுப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். டைமண்ட் கிரிஸ்டல் என்ற அமெரிக்க உப்பு ஏறத்தாழ 3. அதன் துகள் பொள்ளலானது.

என் சித்தி கப்பால் அளந்து செய்யும் கேக்கைக் கிராமில் எழுதி வைக்கவேண்டும். அட்டவணையைப் பார்த்து அல்ல. அவர் கையாலேயே ஒரு கப் அள்ளச் சொல்லி நிறுக்கவேண்டும். 138 வந்தால் 138.

எடையும் சொல்லாத ஒன்று. 100 கிராம் மைதா குடிக்கும் தண்ணீர் 100 கிராம் ஆட்டாவுக்குப் போதாது. தவிடு இழுக்கும். கல்லில் அரைபட்டு உடைந்த மாவுச்சத்தும் இழுக்கும்.

மழைக்காலத்தில் மாவே ஈரம் வாங்கியிருக்கும். அதையும் சேர்த்துத்தான் தராசு காட்டுகிறது. தண்ணீரில் இரண்டு ஸ்பூனை நிறுத்திவைத்துக்கொண்டு பிசையத் தொடங்கு.