அப்பாவுக்கு நான் வாங்கிய கண் மாத்திரை

“நம்ம வாசல் கரன்ட் கம்பத்தை எவனோ லாரிக்காரன் இடிச்சிட்டான் போல பாப்பா. நடுவுல வளைஞ்சு நிக்குது.”

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் அப்பா போனில் இப்படிச் சொன்னபோது நான் தாம்பரம் ரயிலில் தொங்கிக்கொண்டிருந்தேன். அடுத்த நொடியே அம்மா போனைப் பிடுங்கி, “கம்பம் நேராத்தான்டி நிக்குது. உங்க அப்பாவுக்குத்தான் கண்ணு சரியில்ல” என்றார். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அப்பாவுக்கு வயது 71. அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். இரண்டு கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் முடிந்து லென்ஸ் வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ‘ஆபரேஷனே ஆச்சு, இனிமே கண்ணில் என்ன வரப்போகிறது, வயசானதில் கொஞ்சம் சத்து குறைந்திருக்கும்’ என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்று இரவே ஆன்லைனில் தேடினேன். கேரட், கீரை, பெரிய நீலக் கண் எல்லாம் படமாகப் போட்ட ஒரு டப்பா. நான்கரை ஸ்டார். 60 மாத்திரை 899 ரூபாய். ‘விழித்திரையைப் பாதுகாக்கும்’ என்று போட்டிருந்தது. ராஜபாளையம் முகவரியைக் கொடுத்து ஆர்டர் போட்டுவிட்டு, பெண்ணாகப் பிறந்ததற்கு ஒரு கடமை செய்த நிம்மதியில் தூங்கினேன்.

அப்பா ஒழுங்காகச் சாப்பிட்டார். மகள் வாங்கி அனுப்பியதாயிற்றே! “எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டால், “தேவலாம் பாப்பா” என்பார். டப்பா தீர்ந்தது, இன்னொன்று வாங்கினேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். திண்ணையில் எதிரே உட்கார்ந்திருந்தவர், விளையாட்டுபோல இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். “உன் காது தெரியுது, தலைமுடி தெரியுது. நடுவுல மூஞ்சியைக் காணோமே பாப்பா” என்றார். எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போய்விட்டது.

மறுநாளே மதுரைக்குக் கூட்டிப்போனோம். சொட்டு மருந்து விட்டு, விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓ.சி.டி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். விழித்திரையின் நடுவே, நாம் முகம் பார்ப்பதும் எழுத்துப் படிப்பதும் எந்த இடத்தாலோ அந்த மேக்குலா என்ற சின்னப் பகுதி வயதால் சிதைந்திருக்கிறது. வலது கண்ணில் அதன் அடியில் புதிதாக ரத்தக்குழாய்கள் முளைத்து நீர் கசிகிறது. கசிவு விழித்திரையைத் தூக்குவதால்தான் நேர்க்கோடு வளைந்து தெரியும். கரன்ட் கம்பம் வளைந்தது அதனால்தான்.

“எப்ப இருந்து இப்படி?”

“ஐப்பசியில இருந்து” என்றார் அப்பா.

“இப்ப தை. கோடு வளைஞ்சு தெரியுதுன்னா ரெண்டொரு நாள்ல வந்துடணும்மா” என்றார் டாக்டர். என்னைத்தான் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். மாதம் ஒன்றாக மூன்று, அப்புறம் இடைவெளி விட்டு இன்னும் சில. ஊசி என்றதும் அம்மாதான் பயந்தார். அப்பா, “மரத்துப்போக மருந்து விடுறாங்க, கொசு கடிச்ச மாதிரிகூட இல்ல” என்று சொல்லிவிட்டார். கசிவு நின்றது, கம்பம் ஓரளவு நிமிர்ந்தது. ஆனால் நடுவில் ஒரு தழும்பு நிலைத்துவிட்டது. வலது கண்ணால் மட்டும் பார்த்தால் என் முகத்தில் இன்றும் ஒரு மங்கல் இருக்கிறது.

முதல் ஊசி போட்ட அன்று டாக்டர் எழுதிய சீட்டின் கடைசி வரி என்னைக் குழப்பியது. ஒரு கண் மாத்திரை! “அப்ப நான் வாங்கிக் கொடுத்ததும் சரிதானே மேடம்?” என்று பையிலிருந்து டப்பாவை எடுத்தேன். அவர் முன்பக்கப் படத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கத்தைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார்.

“ஐயாவுக்கு பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?”

“இருந்துச்சுங்க. விட்டுப் பன்னெண்டு வருஷம் ஆச்சு.”

“அப்ப இதை நிறுத்திடுங்க.”

அன்று அவர் ஒதுக்கிய பத்து நிமிடமும், பிறகு நானே தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

இந்த மேக்குலா பிரச்னைக்கு சத்து மாத்திரை உதவுமா என்று அமெரிக்க தேசிய கண் நிறுவனம் பல வருடம் சோதித்துப் பார்த்து, 2001-ல் முடிவை வெளியிட்டது. ஆய்வின் பெயர் சுருக்கமாக ஏரெட்ஸ். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், ஜிங்க், அதோடு கொஞ்சம் காப்பர் சேர்ந்த கலவை அது. நடுத்தர நிலைக்கு வந்துவிட்டவர்கள், அல்லது ஒரு கண் முற்றிப்போய் மறு கண் தப்பியிருப்பவர்கள், இவர்களுக்கு ஐந்து வருடத்தில் நோய் முற்றும் வாய்ப்பு சுமார் கால் பங்கு குறைந்தது. போன பார்வை திரும்பவில்லை. ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. கண்புரையையும் அது தடுக்கவில்லை.

அதாவது, அப்பாவின் சீட்டில் இருந்த மாத்திரை கெட்டுப்போன வலது கண்ணுக்கு அல்ல. மிச்சமிருக்கும் இடது கண்ணுக்கு. இது புரிய எனக்கு இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

பீடி விஷயத்துக்கு வருகிறேன். பீட்டா கரோட்டின் என்பது கேரட்டின் ஆரஞ்சு நிறம்தான். அதில் என்ன கெடுதல் என்றுதான் நானும் நினைத்தேன். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1994-ல் வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகமாக வந்தது! அதனால் 2013-ல் வந்த இரண்டாவது ஏரெட்ஸ் ஆய்வில் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, கீரையில் இருக்கும் லூட்டின் 10 மில்லிகிராம், ஸியாக்ஸாந்தின் 2 மில்லிகிராம் வைத்துப் பார்த்தார்கள். அது சரியாக வேலை செய்தது. அந்த ஆய்விலும் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களில்தான் நுரையீரல் புற்றுநோய் அதிகம். அதில் பெரும்பாலோர் அப்பாவைப் போல எப்போதோ புகையை விட்டவர்கள். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3-யும் சேர்த்துப் பார்த்தார்கள். இந்த நோய்க்கு அதனால் கூடுதல் பலன் எதுவும் இல்லை.

நான் அனுப்பிய டப்பாவின் பின்னால், ‘வைட்டமின் ஏ (பீட்டா கரோட்டினாக)’ என்று இருந்தது. லூட்டின் எவ்வளவு என்று தனியாகப் போடவே இல்லை. ‘கண் நலக் கலவை 500 மி.கி.’ என்று மொத்தமாகப் போட்டு முடித்துவிட்டார்கள். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரியும் அடியில் எறும்பு சைஸில் இருந்தது. உணவுப் பொருளாக விற்கப்படும் சத்து மாத்திரைகளில் அந்த வரி இருந்தாக வேண்டும். கூடவே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க லைசென்ஸ் நம்பரும் இருக்கும். அந்த நம்பரைப் பார்த்து ‘கவர்ன்மென்ட் அப்ரூவ்டு’ என்று நானே அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தயாரிப்பவரிடம் லைசென்ஸ் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். மாத்திரை நோயைக் குணமாக்கும் என்று அல்ல.

அப்போ கேரட்டும் சாப்பிடக் கூடாதா என்று அம்மா கேட்டார். “தாராளமா சாப்பிடுங்க. சாப்பாட்டுல வர்றது வேற, மாத்திரையில மொத்தமா வர்றது வேற” என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் பகலில் நட்சத்திரம் தெரியும் என்று சொல்லிச் சொல்லித்தான் ஊட்டுவார்கள். நட்சத்திரம் தெரிந்ததில்லை. ஆனால் எந்தக் கீரையானாலும் லூட்டின் உண்டு, முட்டை மஞ்சள் கருவிலும் உண்டு. கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும் என்பதால், அம்மா கீரைக்கு விடும் அந்த ஒரு கரண்டி எண்ணெயை இப்போதெல்லாம் நான் கிண்டல் செய்வதில்லை.

சரியான மாத்திரை எது என்று தெரிந்த பிறகும் கதை முடியவில்லை. ஊரில் மெடிக்கலில் சீட்டைக் கொடுத்தபோது கடைத் தம்பி வேறொரு டப்பாவை நீட்டினான். “அதேதான்க்கா. கம்பெனிதான் வேற.” முன்பக்கம் அப்படியே அதேதான். திருப்பினேன். மூன்றாவது வரியில் பீட்டா கரோட்டின். “இது வேண்டாம்ப்பா, சீட்டுல இருக்கிறதே வரவழைச்சுக் கொடு” என்றேன். இரண்டு நாளில் வந்தது. அந்தத் தம்பியைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. மூன்று மாதம் முன்பு நான் செய்ததைத்தானே அவனும் செய்தான்.

அந்த மாத்திரையிலும் ஒரு சின்னத் தொல்லை. ஜிங்க் வெறும் வயிற்றில் ஒத்துக்கொள்ளாது. முதல் நாள் அப்பா காலையில் டீயோடு போட்டுவிட்டுக் குமட்டல் என்று படுத்துவிட்டார். இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அவர் ஏற்கெனவே சாப்பிடும் பிரஷர் மாத்திரை உட்பட எல்லா அட்டைகளையும் டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆன்லைன் கடை என்னிடம் எதையும் கேட்கவில்லை.

இதற்கிடையில் ஒரு கணக்கு இடித்தது. 60 மாத்திரை டப்பா, தினம் ஒன்று என்றால் இரண்டு மாதம் வர வேண்டும். பழைய டப்பா ஒரே மாதத்தில் தீர்ந்திருக்கிறது. கேட்டால் அம்மா மெதுவாகச் சொல்கிறார், “கண்ணுக்கு நல்லதுதானேன்னு நானும் ஒண்ணு போட்டுக்கிட்டேன்டி.”

அம்மாவுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. கண் டெஸ்ட் என்றால் அவருக்குக் கண்ணாடிக் கடையில் எழுத்து படிப்பதுதான். விழித்திரையை யாரும் பார்த்ததே இல்லை. “கண்ணுக்குத்தான் மாத்திரை போடுறேனே” என்று அந்த மூன்று மாதமும் தெம்பாக இருந்திருக்கிறார். அப்பாவின் அடுத்த ஊசிக்குப் போனபோது அவரையும் உட்கார வைத்தோம். சர்க்கரையால் வரும் பாதிப்பு விழித்திரையில் ஆரம்பித்திருந்தது. நல்லவேளை, ஆரம்பம்தான். அதற்கு எந்தச் சத்து மாத்திரையும் எழுதவில்லை. சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைக்க வேண்டும், வருடம் தவறாமல் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும், கூடினால் லேசரோ ஊசியோ. அவ்வளவுதான். அப்பா மாத்திரையைத் தொடக் கூடாது என்று சொன்னபோது அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்பாவுக்கு டாக்டர் ஒரு காகிதமும் கொடுத்தார். ஆம்ஸ்லர் கட்டம். கணக்கு நோட்டுபோலக் கட்டம் கட்டமாக இருக்கும், நடுவில் ஒரு புள்ளி. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணால் புள்ளியைப் பார்க்க வேண்டும். எந்தக் கோடாவது வளைந்தாலோ மறைந்தாலோ உடனே கிளம்பிவிட வேண்டும், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

பீரோ கதவில் ஒட்டியிருக்கிறார். தினம் காலை ஏழரைக்கு எனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்ப்பார். எல்லாம் நேராக இருந்தால் பழைய கண்டக்டர் குரலில் ஒரே சத்தம்: “ரைட்! போலாம்.” நானும் வேலைக்குக் கிளம்புவேன்.

போன வாரம் ஒருநாள் அந்தச் சத்தம் வரவே இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். “என்னப்பா, கோடு வளையுதா?” என்று கேட்கக்கூட எனக்கு நாக்கு எழவில்லை.

“இரு பாப்பா, கண்ணாடியைக் காணோம். உங்க அம்மா எங்கேயோ எடுத்து வச்சிருக்கா” என்றார்.

அன்று ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்காக பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே இருந்தேன்.