அந்த இரண்டு பின் டயர்கள்

அந்தக் காரை வாங்கிய அன்றே எனக்குத் தெரியும். பின் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று சேராதவை. அதில் ஒன்றின் ரிம் வேறு வண்டியுடையது. இரண்டு டயர்களும் வயதானவை. தெரியாமல் செய்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. தெரிந்துதான் ஓட்டினேன். தெரிந்துதான் மகள் கையில் சாவியைக் கொடுத்தேன். வண்டி சுழன்று நின்றபோது, தெரிந்தே பழியை அவள்மேல் போட்டேன்.

2018-ல் திருச்சியில் வாங்கிய வண்டி அது. மாருதி ஸ்விஃப்ட், 2009 மாடல், பெட்ரோல், ஏ.பி.எஸ். இல்லாதது. நான் ஆடிட்டர் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறவன். எதை வாங்கினாலும் நாலு முறை புரட்டிப் பார்த்து வாங்குகிறவன் என்று வீட்டில் எனக்கொரு பெயர் உண்டு. விற்க வந்தவர் நாலு சக்கரத்துக்கும் புது வீல் கப் மாட்டிக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன்.

முன் டயர் இரண்டும் ஏறக்குறைய மொட்டை. பின்னால் இடது பக்கம் 165/80 R14, வண்டிக்கு உரிய அளவுதான். டயரின் பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் 2110 என்ற நாலு இலக்கம் இருந்தது. 2010-ம் ஆண்டின் 21-ம் வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். வலது பக்கம் 175/65 R14. அதில் 0811. இரண்டிலும் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் தேய்மான மேடுகள் ரப்பரோடு சமமாகத் தொடங்கியிருந்தன. அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். கார் டயரில் பள்ளம் அதற்குக் கீழே போனால் சாலையில் ஓட்டக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி.

இரண்டுமே 14 அங்குல ரிம்மில் உட்காருகிற டயர்கள்தானே, என்ன பெரிய வித்தியாசம் என்று பலரும் நினைக்கலாம். கணக்குத் தெரிந்த நான் அப்படி நினைக்க வழியில்லை. 165 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கூட்டிப் பார்த்தால் 165/80 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், 175/65 டயருடையது 583. ஒரு கிலோமீட்டர் ஓட முதல் சக்கரம் 514 முறை சுற்றும்போது இரண்டாவது 546 முறை சுற்ற வேண்டும். வண்டியின் பின்புறம் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு பிரேக் விழுந்தாலும் சின்னச் சக்கரம் முன்னதாகப் பூட்டிக்கொண்டு இழுபடும். தாங்கும் எடையும் வேறு: ஒன்றில் 85 என்ற குறியீடு, அதாவது 515 கிலோ. மற்றதில் 82, அதாவது 475 கிலோ.

இதையெல்லாம் விற்பவரிடம் அப்படியே எடுத்துச் சொன்னேன். "நாலு டயரும் மாத்தணும் சார். பதினாறாயிரம் ஆகும். அதைக் குறைச்சுக்குங்க" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. 16,000 ரூபாய் குறைத்துக்கொண்டார். வீல் கப்பால் மூடி எங்கள் தலையில் கட்டப் பார்த்தாரே என்று வீட்டுக்கு வந்து அவரைக் கடுமையாகப் பேசினேன். அந்தக் கோபம் பொய்யில்லை. ஆனால் அன்று முதல் அந்த 16,000 என் பணமல்ல, டயரின் பணம். அதற்காக என்று கேட்டு வாங்கியது.

டயர் கடைக்குப் போனபோது இரண்டு மட்டும் மாற்றச் சொன்னேன். முன் டயர் மொட்டையாக இருப்பது தெருவில் போகிறவருக்கும் தெரியும், பின்னால் இருப்பது குனிந்து பார்த்தால்தான் தெரியும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. கடைக்காரர் வண்டியை ஜாக்கியில் ஏற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சார், இது சிட்டி வண்டி ரிம்மு. நாலு ஓட்டையும் சேரும், ஆனா நடு ஓட்டை பெருசு. நட்டு உக்கார்ற இடமும் வேற. உங்க ஒரிஜினல் ரிம்மு ஸ்டெப்னியிலயே இருக்கு பாருங்க. அதுல புது டயர் போட்டு இங்க மாட்டிடுங்க."

அவர் சொன்னது அத்தனையும் சரி. ஹோண்டா சிட்டிக்கும் ஸ்விஃப்டுக்கும் நட்டுகள் நிற்கும் வட்டம் 100 மில்லிமீட்டர்தான். ஆனால் ஸ்விஃப்டின் ஹப் 54 மில்லிமீட்டர், சிட்டி ரிம்மின் நடுத்துளை 56. அந்த இடைவெளியால் சக்கரம் ஹப்பின் மேல் மையம் பிடித்து உட்காராமல் நாலு நட்டுகளின் பிடியில் மட்டுமே நிற்கும். அந்த நட்டுகளும் பொருந்தியவை அல்ல. ஹோண்டா ரிம்மில் நட்டு அமரும் குழி உருண்டையானது. மாருதி நட்டின் முனை கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு இறங்கினால் முழுப் பரப்பும் ஒட்டாது, மெல்லிய ஒரு வளையம் மட்டுமே தொடும். எவ்வளவு முறுக்கினாலும் ஓட்டத்தில் அது தளர வாய்ப்பு உண்டு.

"இப்போதைக்கு ரெண்டு போதும், மீதி அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"அப்ப புதுசைப் பின்னாடி போடுங்க சார். பழசுல நல்லதாப் பாத்து முன்னாடி போட்டுக்கலாம்" என்றார். முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங்கிலேயே தெரிந்துவிடும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி பெரும்பாலும் வழிக்கு வரும், பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், தேர்ந்த கைக்கே அதை மீட்பது கஷ்டம் என்று பொறுமையாக விளக்கினார். டயர் நிறுவனங்களும் இதைத்தான் சொல்கின்றன. நான் கேட்கவில்லை. பின்னால் இருக்கிற எதையும் முன்னால் மாட்ட முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பேச்சைக் கேட்டால் நாலும் வாங்க வேண்டி வரும். "வண்டியை இழுக்கிறது முன் சக்கரம்தானே, முன்னாடியே போடுங்க" என்று முடித்துவிட்டேன். மீதிப் பணம் அந்த மாதச் சீட்டுக்குப் போனது.

80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் ஒரு நடுக்கம் வரும். மனைவி கேட்டபோது ரோடு சரியில்லை என்றேன்.

அடுத்த ஆண்டு மகள் லைசென்ஸ் எடுத்தாள். அந்தக் கார்த்திகை மழையில் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். விராலிமலை தாண்டியதும் "நான் ஓட்டவாப்பா?" என்று கேட்டாள். நான்கு வழிச் சாலை, பயமில்லை என்று கொடுத்தேன். துவரங்குறிச்சிக்கு முன்னால் மழை வலுத்தது. அவள் வேகமாக ஓட்டவில்லை. ஒரு வளைவில் முன்னால் போன லாரி வேகத்தைக் குறைக்கவே, லேசாக பிரேக்கைத் தொட்டாள். பின்பக்கம் வழுக்கிப் போய், வண்டி பாதி சுற்றுச் சுழன்று சாலையோர மண்ணில் நின்றது. பின்னால் வண்டி எதுவும் வராததால் உயிரோடு இருக்கிறோம்.

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் சொன்ன முதல் வார்த்தை: "வளைவுல யாராவது பிரேக் போடுவாங்களா?"

சொல்லும்போதே எனக்குக் காரணம் தெரியும். டயரின் பள்ளங்கள் மழைத் தண்ணீரை வாங்கி வெளியே தள்ளினால்தான் ரப்பர் தார்ச்சாலையைத் தொடும். முன்னால் புது டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. பின்னால் பள்ளமே இல்லாத இரண்டு டயர்கள் தண்ணீரின் மேல் மிதந்து வந்தன. முன்பக்கம் உறுதியாகப் பிடித்திருந்ததால் பின்பக்கத்தின் நிலை அவள் கைக்குத் தெரிய வழியே இல்லை. பிரேக் பட்டதும் வலது பக்கச் சின்னச் சக்கரம் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். முப்பது வருடம் ஓட்டியவராக இருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இறங்கிப் போய், குனிந்து அந்த டயரைத்தான் பார்த்தேன். திரும்பி வந்து, "நகரு, நான் ஓட்டுறேன்" என்றேன். "பாவம், புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் மனைவி. அப்போதாவது சொல்லியிருக்கலாம். கல்யாண வீட்டில் நாலு பேரிடம் "புதுசா ஓட்டுறா இல்ல, அதான்" என்று சொன்னேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள்.

ஊர் திரும்பியதும் யாரிடமும் சொல்லாமல் டயர் கடைக்குப் போனேன். சிட்டி ரிம்மின் நட்டு ஒன்று ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே சுழன்றது. கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஸ்டெப்னியிலிருந்த ரிம்மைப் பின்னால் மாட்டி, இரண்டு புது டயர் போட்டு, அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் செய்தோம். ஸ்டெப்னிக்குச் சென்னை புதுப்பேட்டையிலிருந்து சரியான ரிம் ஒன்றை உறவினர் மூலம் வரவழைத்தேன். சிட்டி ரிம் பழைய இரும்புக்குப் போனது. 80-ல் வந்த நடுக்கம் போய்விட்டது.

மகள் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கல்யாணமாகிக் கோவை போனாள். மழையானாலும் வெயிலானாலும் பஸ்ஸுக்கு நின்று வேலைக்குப் போனாள். "எனக்கு அது வராதுப்பா" என்பாள். அப்படியில்லை என்று சொல்ல உலகத்தில் காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். வருடக்கணக்கில் வாய் திறக்கவில்லை.

போன வருடம் மாப்பிள்ளை பழைய கார் ஒன்று பார்த்துவிட்டு, என்னையும் வந்து பார்க்கச் சொன்னார். போனேன். "மாப்பிள்ள, நாலு டயர்லயும் அளவு ஒண்ணா இருக்கான்னு பாருங்க, ஸ்டெப்னியும் சேர்த்து. டிரைவர் பக்கக் கதவுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல என்ன அளவு போட்டிருக்கோ அதுதான் இருக்கணும். நாலு இலக்கத்தைப் படிங்க. அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் காட்டணும், பத்து தாண்டினா பள்ளம் இருந்தாலும் கழட்டிடணும். ரிம் வேற வண்டியோடதா இருந்தா நட்டையும் நடு ஓட்டையையும் பாக்காம எடுக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் மரியாதையோடு கேட்டுக்கொண்டார். மகள் சிரித்தபடி, "எல்லாம் நீங்களே பாத்துக்குங்க, நான் ஓட்டப் போறதில்ல. என் லட்சணம்தான் அப்பாவுக்குத் தெரியுமே" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மாப்பிள்ளை முன்னாலேயே சொன்னேன். 16,000 ரூபாய் குறைத்தது, இரண்டு டயர் மட்டும் வாங்கியது, கடைக்காரர் எச்சரித்தது, துவரங்குறிச்சியில் நான் எதைக் குனிந்து பார்த்தேன் என்பது, எல்லாவற்றையும். அழுவாள் அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த டயரை என்னப்பா பண்ணீங்க?" என்று கேட்டாள்.

விற்றுவிட்டேன் என்பதுதான் பதில். பழைய டயர் வாங்குகிற ஒருவர் கடைக்கே வந்து இரண்டையும் எடுத்துப் போனார். சில நூறு ரூபாய் கொடுத்தார். துடைத்து, கறுப்புப் பூசி வைத்தால் வாங்க ஆள் உண்டு என்று எனக்குத் தெரியும். என் பெண்ணைக் கொல்லப் பார்த்த டயர் என்று தெரிந்துதான் கை நீட்டிப் பணம் வாங்கினேன். எனக்கு விற்றவர்மேல் நான் கொண்ட கோபம் நியாயமென்றால், அதைவிடப் பெரிய கோபத்துக்கு உரியவன் நான். அவராவது கேட்டதும் விலையைக் குறைத்தார்.

மகள் அன்று எதுவும் சொல்லவில்லை. இன்றும் கார் ஓட்டுவதில்லை. அவள் கையிலிருந்து பறித்த தைரியத்தை என் ஒரு நாள் பேச்சு திருப்பித் தந்துவிடாது. இப்போது தேய்ந்த டயரைக் கழற்றினால், பக்கச் சுவரை என் கண்ணெதிரே அறுத்துப் போடச் சொல்கிறேன். நாலு காசு வருவதை ஏன் கெடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். கெடுக்கத்தான் சொல்கிறேன். இனி செய்ய முடிந்தது அவ்வளவே. போன இரண்டையும் திரும்பப் பிடிக்க வழியில்லை.

அவற்றை வாங்கியவர் யாரென்று தெரியாது. பழைய கார் ஒன்றைச் சிரமப்பட்டு வாங்கியவராகத்தான் இருப்பார். மழையில் ஒரு வளைவில் அவர் வண்டியோ, அவர் பிள்ளை ஓட்டிய வண்டியோ வழுக்கியிருந்தால், ஓட்டத் தெரியாததால் நடந்தது என்று அந்த வீட்டிலும் யாரோ யாரையோ சொல்லியிருக்கலாம். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். ஓட்டியவர்மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது.