வடக்கே இறங்கித் தெற்கே ஏறுவோம்

தேசப் படத்தில் வியட்நாம் ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போல் வளைந்து கிடக்கிறது என்று பூகோள பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். அந்நாட்டு மக்கள் சொல்லும் உவமை அதைவிட நன்றாயிருக்கிறது. இரு முனையிலும் நெற்கூடை தொங்கும் காவடித் தண்டு தங்கள் தேசம் என்கிறார்கள் அவர்கள். வடக்கே ஒரு கூடை, சிவப்பு நதியின் கழிமுகம். தெற்கே ஒரு கூடை, மீகாங் நதியின் கழிமுகம். நடுவிலே மலைக்கும் கடலுக்கும் இடையில் நெருக்குண்ட நிலம். ஓரிடத்தில் அதன் அகலம் சுமார் 50 கிலோமீட்டர்தான். நீளமோ 1,650 கிலோமீட்டர்.

இந்தக் காவடியை எந்த முனையிலிருந்து தூக்குவது என்பதுதான் இரண்டு மாத காலமாக எங்கள் வீட்டில் நடந்து வரும் விவாதம்.

பிரயாணம் போகிறவர்கள் நால்வர். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிப் பிழைக்கும் நாங்கள் இருவர், கல்லூரியில் படிக்கும் பையன், எழுபத்து நான்கு வயதான அத்தை. கடல் கடந்து போவது நால்வருக்கும் இதுவே முதல் தடவை. கையிலிருப்பது ஆறு வருஷச் சேமிப்பு. காலமோ கோடை விடுமுறையில் பதினான்கே நாள். இன்னொரு முறை போக வாய்க்குமா என்பது எங்கள் மூவருக்கும் சந்தேகம். அத்தைக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. "நான் ஒரு தடவைதான் போவேன், அதற்குத் தகுந்தபடி ஏற்பாடு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

பிரயாண ஏற்பாடு செய்து தரும் ஒரு நிலையத்தார் அழகான வர்ணப் படங்களுடன் ஓர் அட்டவணை அனுப்பினார்கள். ஒன்பது நாளில் எட்டு ஊர். அதைப் படித்ததில், தினந்தோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பெட்டி கட்ட வேண்டும் என்ற ஒரு விஷயம் மட்டும் தெளிவாக விளங்கியது. ஊர் மாறும் நாள் என்றால் பாதி நாள் தொலைந்தது என்றே கணக்கு வைக்க வேண்டும். அறையைக் காலி செய்வது, வண்டிக்குக் காத்திருப்பது, புது ஊரில் திக்குத் தெரியாமல் விழிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. எட்டு ஊர் போனால் நாலு நாள் பெட்டி படுக்கையோடு கழிந்துவிடும். மிச்சம் ஐந்து நாளில் எட்டு ஊரையும் பார்த்தோமென்று யாரிடம் சொல்லிக்கொள்வது? நாங்கள் பதினான்கு நாளுக்கு நாலே ஊர் என்று வைத்துக்கொண்டோம்: ஹனோய், ஹூவே, ஹோய் ஆன், சைகோன்.

அடுத்தது பருவம். வெப்ப நாடு என்றதும் வருஷம் முழுவதும் ஒரே சீதோஷ்ணம் என்று எண்ணிவிடக் கூடாது. டிசம்பர் மாதத்தில் ஹனோய்வாசிகள் கம்பளி உடுத்துவார்கள். அதே நாளில் சைகோன்வாசிகள் விசிறியைத் தேடுவார்கள். நடு வியட்நாமுக்குச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். அக்டோபர், நவம்பரில் ஆற்று வெள்ளம் ஹோய் ஆன் வீதிகளில் புகுந்துவிடுவதும் உண்டு. ஆகையால் அரையாண்டுப் பரீட்சை விடுமுறை உதவாது. மூன்று பிராந்தியங்களுக்கும் ஒருவாறு பொருந்துவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைக்கும் உள்ள காலம். அந்த மாதங்களில் எங்களைப் போன்றவர்கள் பரீட்சைத் தாள்களோடு மல்லாடிக்கொண்டிருப்போம். மிஞ்சியது மே மாதம். வடக்கே வெயிலும் மழையும் கலந்திருக்கும். நடுவிலே வறண்ட வெயில். தெற்கே பிற்பகல் மழை ஆரம்பித்திருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் தமிழ் நாட்டில் குடியிருப்பவர்களை வெயிலைச் சொல்லிப் பயமுறுத்துவது வீண் வேலை.

ஆனால் மே மாதத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஏப்ரல் 30 அந்நாட்டில் 1975-ஆம் வருஷத்து வெற்றியைக் கொண்டாடும் நாள். மறுநாள் தொழிலாளர் தினம். அந்த விடுமுறையில் ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது துர்லபம். அந்தக் கூட்டம் வீடு திரும்பிய பிறகு நாங்கள் போய் இறங்குவதாக உத்தேசம்.

நீளமான தேசத்தில் போன வழியே திரும்புவதைப் போன்ற விரயம் வேறில்லை. ஒரு முனையில் இறங்கி மறு முனையில் விமானம் ஏறும்படியாகவே சீட்டு வாங்கலாம். இந்தச் சௌகரியம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. விசாவும் இப்போது இணைய வழியில் கிடைக்கிறது. 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தங்க அனுமதிக்கிறார்கள். நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் விண்ணப்பத்தில் குறிக்க வேண்டும். ஆகவே காவடியின் எந்த முனை முதலில் என்பதைத் தீர்மானிக்காமல் விண்ணப்பத்தைக்கூடப் பூர்த்தி செய்ய முடியாது.

அத்தைக்கு வேண்டியது சைகோன். அவருடைய தகப்பனார் வாலிபத்தில் அங்கே ஒரு நகரத்தார் வட்டிக்கடையில் கணக்கெழுதியவர். அத்தை பிறப்பதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலைகளில் சைகோன் மாரியம்மன் கோவிலுக்குப் போனதைச் சாகும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தக் கோவிலை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதே அத்தையின் பிரார்த்தனை. வழியில் அவருக்கு முழங்கால் வலியோ காய்ச்சலோ வந்து, கோவிலைக் காணாமலே திரும்ப நேர்ந்தால் என்ன செய்வது? ஆகையால் சைகோனில் இறங்கி முதல் நாளே தரிசனத்தை முடித்துவிடலாம் என்றோம் நாங்கள்.

"முதலிலேயே பார்த்துவிட்டால் அப்புறம் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். கடைசியிலே இருந்தால் அங்கே போய்ச் சேர வேண்டுமே என்று நடப்பேன்" என்றார் அத்தை. பையன் உடனே அத்தை கட்சியில் சேர்ந்துவிட்டான். வடக்கே இறங்கித் தெற்கே ஏறுவது என்று முடிவாயிற்று.

ஹனோயில் மூன்று இரவு. அங்கே எங்கள் மனம் முதலில் நாடுவது ஏரியையோ கடைத் தெருவையோ அல்ல. 1070-ஆம் வருஷத்தில் கன்பூஷியஸுக்கு எழுப்பிய வான் மியூ என்னும் கல்விக் கோவிலையே நாடுகிறது. அங்கே கல் ஆமைகளின் முதுகில் 82 கல்வெட்டுப் பலகைகள் நிற்கின்றன. 1442 முதல் 1779 வரை நடந்த ராஜாங்கப் பரீட்சைகளில் தேறியவர்களின் பெயர்களை அவற்றில் செதுக்கியிருக்கிறார்கள். பரீட்சையில் தேறியவனுக்குக் கல்லில் பெயர் வெட்டிய தேசத்தை உபாத்தியாயர்கள் பார்க்காமல் வரலாமா? பரீட்சை முடிவு வந்து மூன்றாம் நாளே அதை மறந்துவிடும் நம் ஊரை நினைத்துச் சிறிது பொறாமைகூடப் படலாம். பிறகு பா தின் சதுக்கம். 1945 செப்டம்பர் 2-ஆம் தேதி ஹோ சி மின் சுதந்திரப் பிரகடனம் வாசித்த இடம் அது. அதே மாதத்தில், பஞ்சத்தின் வடு ஆறுமுன்னே, எழுத்தறியாதோருக்கு எழுத்தறிவிக்கும் இயக்கத்தையும் அப்புதிய அரசாங்கம் தொடங்கிவிட்டது.

ஹனோயிலிருந்து ஹூவேக்கு 688 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி சொச்சம். ரயிலில் ஓர் இரவும் சிறிது காலையும். ரயில்தான் என்று நாங்கள் ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஹனோய் - சைகோன் பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1936-இல் முழுமை பெற்றது. 1954-இல் தேசம் இரண்டாகப் பிளந்தபோது பாதையும் துண்டாயிற்று. யுத்தத்தில் குண்டு விழாத பாலம் அரிது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்களைச் செப்பனிட்டு, 1976 டிசம்பர் 31-இல் மறுபடி முழு நீளத்துக்கும் வண்டி விட்டார்கள். எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய பழைய மீட்டர் கேஜ் வண்டிகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ரயில் பந்து போலத் தோன்றும். அகலம் அதே ஒரு மீட்டர்தான். நாலு பேர் படுக்கும் அறையில் கீழ்ப் படுக்கைகள் இரண்டு. ஒன்று அத்தைக்கு. மற்றொன்று யாருக்கு என்பது வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

வண்டி நேரத்துக்குப் போனால் பென் ஹாய் ஆற்றைக் காலை வெளிச்சத்தில் கடக்கலாம். 1954 முதல் வடக்கையும் தெற்கையும் பிரித்து வைத்த எல்லை அந்த ஆறு. ஜெனீவா உடன்பாட்டை மேற்பார்வை செய்த சர்வதேசக் குழுவுக்கு அக்காலத்தில் இந்தியா தலைமை வகித்தது. பள்ளியில் இந்த வரலாற்றை இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அந்தச் சிறிய ஆற்றைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஹூவேயில் இரண்டு இரவு. 1802 முதல் 1945 வரை அரசாண்ட நுயென் வம்சத்தின் தலைநகர் அது. கடைசிச் சக்கரவர்த்தி பாவோ தாய் 1945 ஆகஸ்டு 30-ஆம் தேதி அரண்மனை வாயிலில் முடி துறந்தார். 1968-ஆம் வருஷத்துச் சண்டையில் கோட்டைக்குள் பெரும்பகுதி இடிந்துபோயிற்று. இடிந்ததையும் புதுப்பித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் காணலாம் என்கிறார்கள். அங்கிருந்து டா நாங் வரைக்கும் பகல் ரயில். நூறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு மூன்று மணி நேரம் என்று கேட்டுச் சலித்துக்கொள்ள வேண்டாம். ஹாய் வான் மலையைக் கடலோரமாகச் சுற்றிக்கொண்டு வண்டி ஊர்ந்து போகும் பாதை அது. கடல் இடது பக்கம்.

ஹோய் ஆனுக்கு ரயில் கிடையாது. டா நாங்கில் இறங்கி 30 கிலோமீட்டர் மோட்டாரில் போக வேண்டும். அங்கே நாலு இரவு. இவ்வளவு சிறிய ஊரில் அத்தனை நாள் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அத்தை ஓய்வெடுப்பதற்கு என்று ஒரு பதில். மீ சோனுக்கு என்று மற்றொரு பதில்.

மீ சோன், சம்பா அரசர்களின் சைவத் திருத்தலம். ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில், நாலாம் நூற்றாண்டின் இறுதியில் பத்திரவர்மன் என்ற அரசன் பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவலிங்கம் பிரதிஷ்டை செய்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரையில் அரசர்கள் செங்கல்லால் கோவில் மேல் கோவிலாக எழுப்பினார்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே சாந்து கண்ணுக்குத் தெரியாது. 1969-இல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் எல்லாவற்றிலும் சிறந்த கோபுரம் தரைமட்டமாயிற்று. நம் நாட்டுத் தொல்பொருள் துறையினர் 2017 முதல் சில வருஷங்கள் அங்கே செப்பனிடும் வேலை செய்தார்கள். அப்போது 2020-ஆம் வருஷத்தில், ஒரே மணற்கல்லில் செய்த ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது.

இதையெல்லாம் கேட்டதும் "அது நம்முடைய பழைய குடியேற்றம்" என்று மார் தட்டும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. நமக்கு அது சம்மதமில்லை. சாம் மக்கள் மலாய் மொழியின் இனத்தைச் சேர்ந்த தனி மொழி பேசுபவர்கள்; கடலோடிகள். சிவனையும் சமஸ்கிருதத்தையும் விரும்பி ஏற்றுக்கொண்டு தம் கைப்படச் சொந்தச் சிற்பம் சமைத்தார்கள். இன்றும் அவர்களில் ஒரு சாரார் அந்தப் பழைய வழிபாட்டின் வழிவந்த சமயத்தையும், வேறொரு சாரார் இஸ்லாத்தையும் பின்பற்றுகிறார்கள். அடிமைத்தனத்தை அனுபவித்து விடுதலை பெற்ற நாம், பிறர் கட்டிய கோவிலுக்குப் பட்டா கேட்பது அழகல்ல. விருந்தாளிகளாகப் போய்ப் பார்த்து வருவோம். காலை ஏழு மணிக்கே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் அந்தப் பள்ளத்தாக்கு அடுப்பாகிவிடுமாம்.

இவ்வளவுக்கும் கொடுத்த விலை ஹா லாங் விரிகுடா. கடலிலிருந்து எழுந்து நிற்கும் 1,600 சுண்ணாம்புக் கல் தீவுகள்! வியட்நாம் என்றாலே யாவரும் காட்டும் படம் அதுதான். ஹனோயிலிருந்து போய் வர ஒரு பகல் முழுவதும் வேண்டும். அதிலும் பெரும்பகுதி சாலையிலே போகும். படகில் இரவு தங்கினால் செலவு எங்கள் கணக்குக்கு மேலே போகிறது. பையன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தான். அவன் துக்கம் நியாயமானது. நாலு பேர் போகும் பிரயாணத்தில் நாலு பேர் ஆசையும் முழுவதும் நிறைவேறாது என்பதைத் தவிர அவனுக்குச் சொல்ல எங்களிடம் சமாதானம் இல்லை. தாலாட், நா திராங் முதலிய ஊர்களை விட்டதற்கு யாரும் வருந்தவில்லை.

டா நாங்கிலிருந்து சைகோனுக்கு 935 கிலோமீட்டர். ரயிலில் பதினேழு மணிக்குக் குறையாது. அங்கே மட்டும் ரயில் மோகத்தைக் கைவிட்டு விமானத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். அத்தை களைப்பில்லாமல் போய் இறங்க வேண்டும்.

1976-இல் சைகோனுக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர் சூட்டினார்கள். பழைய பெயரும் அங்கே வாயில் வழங்குகிறது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் அங்கே சர்க்கார் உத்தியோகம் பார்த்தார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் மீகாங் கழிமுகத்தின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடனால் நிலம் இழந்த குடியானவர்களும் உண்டென்பதை மறைப்பதற்கில்லை. இன்னொரு வருத்தமான தொடர்பும் உண்டு. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் இந்தியச் சிப்பாய்களை அங்கே இறக்கி, பிரெஞ்சுக்காரர் மறுபடி ஆட்சியைப் பிடிக்கத் துணை செய்யும்படி ஏவினார்கள். அடிமை நாட்டின் சேனையைக் கொண்டே இன்னோர் அடிமை நாட்டை அடக்கினார்கள்! நேரு இதைக் கண்டித்தார். சிப்பாய்களை யார் கேட்டார்கள்?

தமிழரில் பெரும்பாலோர் இப்போது அங்கில்லை. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய மசூதி இருக்கிறது. தெண்டாயுதபாணி கோவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் வியாபாரிகள் கட்டிய மாரியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே இப்போது கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரே. இதை அத்தையிடம் சொல்லத் தயங்கினோம். ஏமாற்றமாயிருக்குமோ என்று பயம். "அவர்கள் கும்பிடாவிட்டால் விளக்கு ஏற்றியிருக்க யார் இருந்திருப்பார்கள்?" என்றார்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை கற்றால் போதும்: 'சாய்'. அது தேநீர் அல்ல, சைவ உணவு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பௌத்தர்கள் பலர் மாமிசம் நீக்குவதால் 'சாய்' என்று பலகை போட்ட கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. மற்றக் கடைகளில் கீரையில்கூட மீன் சாறு விழுந்திருக்கும். சைவக் கடையிலும் சோயாவை மீன் உருவத்தில் செய்து வைப்பார்கள் என்பதை அத்தைக்கு முன்கூட்டியே சொல்லியாயிற்று. பணம் டாங். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங் என்பதால் எல்லோரும் லட்சாதிபதிகள் ஆவோம். 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டும் நீலம். மாலை வெளிச்சத்தில் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

போன வாரமே அத்தை ஒரு சிறு பையில் சாமான் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். அதில் இரண்டு டப்பி கற்பூரம் இருந்தது. கற்பூரம் தீப்பற்றும் பொருள், விமானத்தில் கையிலும் பெட்டியிலும் விடமாட்டார்கள் என்றோம். அங்குள்ளவர்கள் அம்மனுக்கு என்ன கொண்டு போகிறார்கள் என்று கேட்டார். ஊதுவத்தி, பூ, பழம் என்றோம். "அப்படியானால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்" என்று டப்பிகளை எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் முழங்கால் தைலத்தை வைத்தார்.