கோமுகத்துக்குப் போன கொல்லிமலைக்காரன்

ஜூன் 2, கங்கோத்ரி

எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்து, தலை சுற்றுகிறது, எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இன்று நான் கேட்டேன். உத்தரகாசியிலிருந்து பாகீரதியை ஒட்டியே ஏறும் சாலை, கொல்லிமலை எடப்புளி நாட்டுக்காரனையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் மலை 1,300 மீட்டரைச் சுற்றி நின்றுவிடும். இந்த ஊர் 3,100 மீட்டரில் இருக்கிறது.

சேலம், நாமக்கல்லிலிருந்து சேர்ந்து வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் கோயிலோடு திரும்புகிறார்கள். கங்கை புறப்படும் கோமுகத்தில் பனியாற்றைப் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பியவர்கள் சிலர்தான்.

ஜூன் 3, போஜ்பாசா

ஒரு நாளைக்கு 150 பேர். அதற்கு மேல் வனத்துறை அனுமதிச்சீட்டு கிடையாது. சோதனைச் சாவடியில் சீட்டைப் பார்த்தார்கள். பையைத் திறந்து பிஸ்கட் உறை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எண்ணி எழுதிக்கொண்டார்கள். கூட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் மலையின் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துச் சொச்சம் படிகளில் ஒவ்வொரு ஞாயிறும் என்ன கிடக்கிறது என்று எங்களுக்குத்தானே தெரியும்.

சீர்பாசாவில் பைன் மரங்கள் நிற்கின்றன. அடுத்து வரும் போஜ்பாசாவில், பெயர்ப்படி, பூர்ஜ மரங்கள் நிற்க வேண்டும். தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கு டீ போடவும் குளிர் காயவும் வெட்டியே காடு மெலிந்துபோனதாம். வெளியூர்க்காரர்களின் தேவைக்கு மலை மாறிப்போவதைப் பற்றி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சாமை போட்ட எங்கள் கொல்லைகளில் சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி ஏறியதைக் கண்ணால் பார்த்தவன்.

வழியில் குறுக்கிடும் ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிடச் சொன்னார் வழிகாட்டி. வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். பிற்பகலில் அதே ஓடை இடுப்பைப் பிடித்து இழுக்கும். எங்கள் ஊரில் மழை பெய்தால்தான் ஓடை பெருகும். இங்கே வானம் வெளுத்திருந்தால் பெருகுகிறது.

ஜூன் 4, கோமுகம்

“இதுதானா தம்பி? வெறும் கல்லுக் குமியலால்ல இருக்கு!” சேலத்து அம்மா ஒருவர் கேட்டேவிட்டார். எல்லார் மனசிலும் இருந்த கேள்விதான். நாட்காட்டிப் படத்தில் பார்த்த வெள்ளை எங்கே? எதிரே சாம்பல் நிறத்தில் மண்ணும் பாறையும் சரிந்து கிடந்தன. அதன் அடியில் வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் நீலம் பூத்த பனிச்சுவர். அதிலிருந்து சேற்று நிறத்தில் கங்கை இரைந்துகொண்டு வெளியே வருகிறது.

அந்தக் கல்லெல்லாம் பனி சுமந்து வந்தது. உயரத்தில் விழும் பனி ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கட்டியாகி, தன் எடையாலேயே கீழே ஊர்கிறது. ஊரும்போது இருபுறத்து மலையையும் சுரண்டி வாரிக்கொண்டு வரும். நாம் பார்ப்பது முப்பது கிலோமீட்டர் நீளப் பனியாற்றின் வால் நுனி. மேலே கனமாக மூடிய கற்கள் வெயில் படாமல் பனியைக் காக்கவும் செய்யும். மெல்லிய தூசிப் படலமானால் வெப்பத்தை உறிஞ்சி வேகமாக உருக்கிவிடும்.

1935இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஜே.பி. ஆடன் இந்த நுனியை அளந்து வரைபடம் போட்டார் (ஆங்கிலக் கவிஞர் ஆடனின் அண்ணன்). அவர் அளந்த இடத்திலிருந்து பனி ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. அதாவது அவர் பார்த்த கோமுகம் வேறு இடம். இன்று காலை நாங்கள் கால் வலிக்க நடந்த கற்களுக்கிடையில் எங்கோ இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 20 மீட்டர் நகர்ந்துகொண்டே போகும் சுற்றுலாத் தலம்! அடுத்த தலைமுறைக்காரன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும். இந்த நடையை 150 பேரோடு நிறுத்துவதால் பனி உருகுவது நிற்கப்போவதில்லை. அதற்கான புகை வேறு ஊர்களிலிருந்து வருகிறது. ஆனால் பூர்ஜக் கன்றுகளுக்கு மூச்சு கிடைக்கும்.

சுவரிலிருந்து பனிக்கட்டி பெயர்ந்து விழும் என்று கிட்டே விடவில்லை. 2016இல் ஒரு பெருந்துண்டே உடைந்து ஆற்றில் போனது. அந்த அம்மா மட்டும் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தார்.

ஜூன் 5, கங்கோத்ரி

தலைவலி. பருப்பும் சோறும். தூக்கம்.

ஜூன் 13, எடப்புளி நாடு

ஆகாய கங்கையில் தண்ணீர் நூலாக விழுகிறதாம். அங்கே அருவியாக விழும் எங்கள் ஐயாற்றுக்கு மேலே பனிக்கட்டிக் கிடங்கு கிடையாது. சோலைக்காட்டு மண் பிடித்து வைத்திருப்பதுதான் கையிருப்பு. அந்தச் சோலையும் காபிக்கும் அன்னாசிக்கும் பாதி போய்விட்டது.

சாயங்காலம் மச்சான் வந்தார். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் மிளகு, தேன், மலைவாழை விற்கிறவர். 150 கணக்கைச் சொல்லி, நம் மலைக்கும் அப்படி ஒரு வரம்பு வைக்கலாமே என்றேன்.

“நூத்தம்பது பேரா? ஆடிப் பதினெட்டுக்கு என் கடை வாசல்லயே அவ்வளவு பேர் நிப்பாங்க மாப்ள. அந்த ஒரு நாள் வியாபாரத்துலதான் வருசச் செலவே ஓடுது. உனக்கென்ன, சம்பளம் வருது.”

அதில் நியாயம் இருக்கிறது. கோமுகத்து வழியிலும் கட்டுப்பாடு வந்தபோது டீக்கடைக்காரர்கள்தான் முதலில் வெளியேற வேண்டியிருந்தது; கட்டுப்பாட்டின் செலவை யார் தலையில் வைப்பது என்பதை அங்கேயும் யாரும் உள்ளூர்க்காரனைக் கேட்டுத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. ஆகவே ஆளை எண்ண வேண்டாம் என்றேன். அடிவாரத்துக் காரவள்ளிச் சாவடியில் வண்டியை மட்டும் எண்ணலாம். பாட்டிலுக்கு முன்பணம் வாங்கி, காலிப் பாட்டிலோடு இறங்கும்போது திருப்பித் தரலாம். அந்த வேலைக்கு நம் பிள்ளைகளையே வைக்கலாம்.

“அந்த முன்பணம் யார் கையில இருக்கும்?” என்றார் மச்சான்.

கிராம சபையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.